வாடகைப் புகழ்

சென்ற கல்வியாண்டில் இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் புறநானூற்றின் பாடாண் திணைப் பாடல்களை நடத்திக்கொண்டிருந்தோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் சொல்லி முடித்த வேளையில், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, ஒரு பாட்டுக்கு யானையும் ஊரும் கொடுத்தவரை வள்ளல் என்கிறோம். கார்ப் பந்தயத்துக்குக் கோடி கோடியாகக் கொடுக்கும் அரபு நாடுகளை மட்டும் ஊதாரி என்கிறோம். இரண்டும் புகழுக்காகத்தானே?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளையாக மணி அடித்தது. அவருக்கு அன்று சொல்ல இயலாத விடையையே ஈண்டு எழுத முற்படுகிறோம்.

முதலில் அவ்வணிகத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். ஃபார்முலா ஒன் எனப்படும் பந்தயத் தொடர் ஆண்டுதோறும் நாடு நாடாகச் செல்வது. அதன் வணிக உரிமையை, 2011 முதல் நூறாண்டுகளுக்குச் செல்லும் குத்தகையாக, பெர்னி எக்கிள்ஸ்டோனின் நிறுவனம் சுமார் 31 கோடி டாலருக்குப் பெற்றது. 2017இல் அவ்வுரிமை அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியா நிறுவனத்தின் கைக்கு மாறியது. பந்தயத்தைத் தம் மண்ணில் நடத்த விரும்புவோர் தடத்தையும் கட்டித் தரவேண்டும். ஆண்டுதோறும் நடத்துகைக் கட்டணமும் செலுத்த வேண்டும். தொலைக்காட்சி உரிமை வருவாயும் பெரு விளம்பரங்களின் வருவாயும் பெரும்பாலும் உரிமையாளருக்கே. நடத்துவோருக்கு எஞ்சுவது நுழைவுச்சீட்டுப் பணமே. விருந்துக்கு அழைக்கப்பட்டவர் வீட்டுக்காரரிடமே கூலி கேட்கும் ஏற்பாடு இது. இக்கணக்கு தனியார் தடங்களுக்குக் கட்டுபடியாவது கடினம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் தடத்தார்கூட ஏறிவரும் கட்டணம் தாளாமல் 2017இல் ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொள்வதாக அறிவித்து, 2019இல்தான் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஆகவே கருவூலம் நிறைந்த அரசுகளிடம் பந்தயம் நகர்ந்ததில் வியப்பில்லை. பஹ்ரைன் 2004இலும், அபுதாபி 2009இலும், கத்தாரும் சவூதி அரேபியாவும் 2021இலும் சேர்ந்தன. 2024ஆம் ஆண்டின் 24 பந்தயங்களில் முதலிரண்டும் இறுதியிரண்டும் வளைகுடாவிலேயே நடைபெற்றன.

இவற்றுள் பஹ்ரைனைப் பற்றியே நாம் சற்று உரிமையோடு பேச முடியும். அதற்குக் காரணம் உண்டு.

எம் ஊர் மன்னார் வளைகுடாக் கரையில் உள்ளது. ஒரு காலத்தில் முத்துக்குளிப்பால் பெயர் பெற்ற கரை அது. பஹ்ரைனும் அவ்வாறே முத்தால் வாழ்ந்த தீவு. ஜப்பானியர் முத்தை வளர்த்தெடுக்கும் கலையைக் கற்றுச் சந்தையை நிரப்ப, உலகப் பொருளாதார மந்தமும் உடன்சேர, 1930களில் அங்கு முத்து வாணிகம் படுத்தது. அதே வேளையில், 1932இல், அத்தீவில் எண்ணெய் கிடைத்தது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதல் எண்ணெய் கண்டது பஹ்ரைனே. ஆயினும் அண்டை நாடுகளை நோக்க அதன் எண்ணெய் வளம் சிறிது. ஒரு செல்வம் கண்ணெதிரே கைநழுவிப் போனதைப் பார்த்த நாடு, அடுத்த செல்வமும் நிலையாது என அஞ்சுவது இயல்பு. வங்கித் தொழிலையும் அலுமினிய ஆலையையும் சுற்றுலாவையும் அது நாடியதன் வரிசையிலேயே பந்தயத் தடத்தையும் வைத்துப் பார்த்தல் வேண்டும். வெறும் பகட்டு என்று தள்ளிவிடுவது எளிது, நியாயம் அன்று.

தலைநகர் மனாமாவுக்குத் தெற்கே, எண்ணெய்க் கிணறுகள் உள்ள பாலைவெளியில், சகீர் என்னுமிடத்தில் தடம் அமைந்தது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் டில்கே வடிவமைத்தார். நீளம் 5.412 கிலோமீட்டர். மேற்பரப்புக்கான கருங்கல் சல்லியை இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் குவாரியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். காற்றில் மணல் பறந்து தடத்தில் படியாதிருக்க, சுற்றியுள்ள பாலை மணலின்மீது பசை தெளித்தார்கள். பாலைவனத்தை ஒட்டவைத்த செய்தியை முதலில் கேட்டபோது நாம் நம்பவில்லை. சொன்னவர் எம் மூத்த சகோதரர். பளு தூக்கும் கிரேன் ஓட்டுநராக அங்குப் பணிபுரிந்தவர். மூத்தவரைக் காக்கா என அழைப்பதும், பொருள்தேடிக் கடல் கடந்தவரைச் சபராளி என்பதும் எம் ஊர் வழக்கு. எம் காக்கா இருபது வயதில் சபராளியானவர்.

2003ஆம் ஆண்டு நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்தோம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், ஆய்வேட்டின் தட்டச்சுக் கூலி, கட்டமைப்புக் கூலி எல்லாம் காக்கா அனுப்பிய பணமே. அவ்வாண்டின் பிற்பகுதியில் வாப்பா மவுத்தானார்கள். அடுத்த ஏப்ரலில் பந்தயம் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் வேலை முடியுமா என்ற ஐயம் தளத்தில் எல்லோருக்கும் இருந்தது. காக்காவை அமர்த்தியிருந்த துணை ஒப்பந்த நிறுவனம் விடுப்பு மறுத்துவிட்டது. கடவுச்சீட்டு நிறுவனத்தாரின் பெட்டியில் இருந்தது. மூன்று மாதச் சம்பளமும் நிலுவையில் இருந்தது. ஜனாஸா தொழுகைக்கு இளையவராகிய நாமே முன்வரிசையில் நின்றோம். மையவாடியிலிருந்து திரும்பிய அன்றிரவு தொலைபேசியில் காக்கா கேட்டது ஒன்றுதான்: "வாப்பாவுக்கு யார் மண் தள்ளுனது?" நாம் என்றோம். "சரி" என்று வைத்துவிட்டார். நிலுவைச் சம்பளம் பின்னர் வந்தது. அதிலிருந்துதான் எம் ஆய்வேடு அச்சேறிக் கட்டப்பட்டது. அதன் முகப்பில் நன்றியுரையாக நெறியாளர், துறைத்தலைவர், நூலகர் பெயர்களெல்லாம் உள்ளன. காக்காவின் பெயரை எழுத மறந்துவிட்டோம். இன்றும் அவ்வேட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டே படிக்கிறோம்.

2004 ஏப்ரல் 4 அன்று மத்திய கிழக்கின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் சகீரில் நடந்தது. மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். வெற்றி மேடையில் மது பொங்கும் வழக்கத்தை மாற்றிப் பன்னீர் கலந்த பானம் வைக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய விழாவிலும் தம் மரபைக் கூறும் துணிவு அவர்களிடம் இருந்ததை மறுக்கலாகாது. இருபது ஆண்டு கழித்து 2024இல், ரமலான் பிறை ஞாயிறு மாலை தென்படக்கூடும் என்பதால் ஜித்தா பந்தயம் சனிக்கிழமைக்கு முன்கொணரப்பட்டது. அதற்கு முந்திய வாரத்தின் பஹ்ரைன் பந்தயமும் உடன்நகர்ந்து சனிக்கிழமையே நடந்தது. 2025இல் ரமலான் மார்ச்சில் வந்தமையால் தொடரின் தொடக்கமே ஆஸ்திரேலியாவுக்கு மாறியது. உலகத்தின் நாட்குறிப்பைப் பிறைக்கு இசைவிக்கும் செல்வாக்கு இப்பணத்துக்கு உண்டென்று எம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு பேசினர். அப்பெருமையில் எமக்கும் பங்கு இல்லாமலில்லை.

ஆனால் 2011ஐ மறக்க முடியவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் மக்கள் திரண்டனர். மார்ச்சில் நடக்கவிருந்த பந்தயம் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் அவ்வாண்டுக்கே கைவிடப்பட்டது. சதுக்கத்தின் நடுவே மரக்கலப் பாய்கள் ஆறு சேர்ந்து ஒரு முத்தை ஏந்தி நிற்பதுபோல் நினைவுச் சின்னம் இருந்தது. மார்ச் 18 அன்று அரசே அதை இடித்தது. இடிக்கும்போது சிமெண்ட் வளைவு சரிந்து, கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். அச்செய்தியைச் செய்தித்தாளில் கண்டவுடன் உம்மா எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை, தொலைபேசியைத்தான் எடுத்தார்கள். காக்கா வேறு தளத்தில் இருந்தார். "அது நான் இல்ல உம்மா" என்ற அவர் குரலைக் கேட்ட பிறகே உம்மா தரையில் அமர்ந்தார்கள். இறந்தவர் பெயரைக் கேட்டோம். காக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு, எதிர்ப்புகளுக்கிடையே, பந்தயம் திரும்ப வந்தது. 2022 மார்ச் 25 அன்று ஜித்தாவிலும், பயிற்சி ஓட்டம் நடந்துகொண்டிருக்கையில் அருகிலிருந்த அராம்கோ எண்ணெய்க் கிடங்கு தாக்கப்பட்டுக் கரும்புகை தடத்திலிருந்தே தெரிந்தது. ஓட்டுநர்கள் நள்ளிரவு தாண்டியும் கூடிப் பேசினர். இரண்டு நாள் கழித்துப் பந்தயம் குறித்தபடியே நடந்தேறியது.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம்.

பாட்டுக்குக் கொடுத்த பொருளும் பந்தயத்துக்குக் கொடுத்த பொருளும் புகழுக்கே என்பதில் ஐயமில்லை. ஆனால் பாரிக்குப் பின் பறம்பு வீழ்ந்தது. ஈராயிரம் ஆண்டாக எவரும் ஒரு காசு கட்டாமலேயே பாரி வகுப்பறையில் வாழ்கிறான். பந்தயத்தின் புகழ் அத்தகையதன்று. கட்டணம் நின்ற ஆண்டில் அதுவும் நின்றுவிடும். மலேசியா 1999 முதல் செபாங்கில் நடத்தியது. அந்நாள் பிரதமர் மகாதீரின் கனவு அது. நுழைவுச்சீட்டு விற்பனை சரிய, ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே, 2017 அக்டோபர் முதல் நாளோடு நிறுத்திக்கொண்டார்கள். தென்கொரியாவின் யோங்காம் தடம் 2010 முதல் 2013 வரை நான்கே பந்தயங்களைக் கண்டது. நம் நாட்டில் தனியார் குழுமம் கிரேட்டர் நொய்டாவில் கட்டிய புத்தா தடம் 2011 முதல் மூன்றே ஆண்டு; பந்தயம் போய், வரி வழக்கு மட்டும் 2017 வரை உச்ச நீதிமன்றத்தில் ஓடியது. சிங்கப்பூர் சற்றுக் கணக்கறிந்த நாடு: 2022இன் புதுப்பிப்பின்படி ஆண்டுச் செலவு சுமார் 13.5 கோடி சிங்கப்பூர் டாலர், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு அரசுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வளைகுடா அரசுகளிடம் இவ்வாறு கணக்குக் கேட்பார் இலர். வாடகை வீட்டின் விலாசத்தைப் பட்டயத்தில் பொறிப்பது போன்றது இப்புகழ்.

மற்றொன்று. புலவர் பரிசில் பெற்றாலும் வாய் அவருடையதே. குமணன் தந்த யானையை, தமக்குச் சிறிதே பரிசில் தந்த இளவெளிமானின் ஊர்க் காவல்மரத்திலேயே கொண்டுவந்து கட்டியவர் பெருஞ்சித்திரனார். அவர் பாடலில் மன்னன் மட்டுமன்று, அவர் வீட்டுப் பசியும் இருக்கிறது. பந்தயத்தைக் காட்டும் ஒளிப்படக் கருவிக்கு அந்த வழக்கம் இல்லை. அது விலைபேசியதைக் காட்டும்.

பள்ளிவாசல் திண்ணையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது பெரியவர் ஒருவர் "இஸ்ராஃப்" என ஒரே சொல்லில் முடித்தார். இன்னொருவரோ, குதிரைப் பந்தயத்தை நபிகள் நாயகம் (ஸல்) நடத்தியதாக ஹதீஸ் உள்ளதே என்றார். இருவரும் கற்றவர்கள். அவர்களிடையே தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. அந்தத் தடத்தின் கூலியில் பட்டம் பெற்றவர் நாம் என்பதால் கூடுதலாகவே இல்லை.

காக்கா 2019இல் நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டார். 2024 மார்ச் 2, சனிக்கிழமை இரவு இஷா தொழுதுவிட்டு வந்தபோது, அவர் மகன் கைபேசியில் பஹ்ரைன் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்காவும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் அமர்ந்தார். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று மகன் விளக்கிக்கொண்டே இருந்தார். காக்கா கார்களைப் பார்க்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார். மின்னொளியில் சகீர்க் கோபுரம் ஒரு கணம் தெரிந்தது. "அந்தா, அதுக்கு மேல் இரும்பு தூக்குனது நாங்கதான்" என்று எம் தோளைத் தட்டினார். குனிந்து பார்த்தோம். அதற்குள் படம் கார்களுக்கு மாறிவிட்டிருந்தது. "அடுத்த சுத்துல வரும், பாரு" என்றார். மூவரும் காத்திருந்தோம்.