எதையும் மாற்றவில்லை

“எதையுமே மாத்தலையே அண்ணா, அப்புறம் எதுக்கு எண்ணூறு ரூபா?”

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடியின் கடைசி மாடி. கேட்டவர் படித்தவர், நல்லவர். காசையும் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி லிப்டில் என்னோடு இறங்கி, பைக்கில் ஏறி, வீடுவரை வந்தது. எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. பிரிட்ஜுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வேலையை விடப்போகிற நேரத்தில் இதையாவது எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

ஐஸ் மேக்கருக்குப் போகிற கால் இஞ்ச் ட்யூப் ஒழுகினால் பெரும்பாலும் காரணம் அற்பமானது. கட்டிங் பிளேயரால் நறுக்கியிருப்பார்கள். வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். அந்த வாயை அப்படியே புஷ் பிட்டிங்கில் சொருகினால் ஓ ரிங்கில் கீறல் விழும். புது பிளேடால் நேராக நறுக்கி, ஒரு தடை தாண்டி இரண்டாவது தடை இடிக்கும்வரை தள்ளவேண்டும். அந்த இரண்டாவது இடிப்பு விரலுக்குத்தான் தெரியும். பிரிட்ஜை இழுக்கும்போது மடங்காமல் இருக்கப் பின்னால் நாலைந்து சுற்று ட்யூபை விடவேண்டும். எலி கடித்திருந்தால் அது வேறு கதை. டெப்லான் சுற்றுவதும் எம்-சீல் அப்புவதும் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்காது. ஒழுகுகிற இடம் ஓ ரிங். மரையில் டெப்லானைச் சுற்றி என்ன பயன்?

அந்தக் கடைசி மாடி வீட்டில் இது எதுவுமே இல்லை. தினமும் காலையில் பிரிட்ஜுக்குப் பின்னால் சுவரோரம் தண்ணீர். கம்பெனிப் பையன்கள் மூன்று முறை வந்து, ட்யூபை இரண்டு தடவையும் சோலனாய்டு வால்வை ஒரு தடவையும் மாற்றியிருந்தார்கள். பகல் பதினோரு மணிக்கு வருவார்கள், எல்லாம் காய்ந்திருக்கும், மாற்றுவார்கள், போவார்கள். மறுநாள் காலை மறுபடி தண்ணீர்.

இங்கே பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். 1987இல் திருவல்லிக்கேணியில் அவர் கடையில் சேர்ந்தேன். அப்போது எங்களுக்கு லீக் என்றால் கேஸ் லீக்தான். சோப்பு நுரை தடவிக் கொப்புளம் பார்ப்போம். ஒருநாள் ஒரு கெல்வினேட்டர் அடியில் தண்ணீர் கட்டியது. நான் உடனே ஸ்பேனரை எடுத்தேன். பாய் அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். தரையைத் துணியால் சுத்தமாகத் துடைக்கச் சொன்னார். பழைய பேப்பரைப் பிரித்துப் பெட்டியைச் சுற்றிப் பரப்பச் சொன்னார். கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார். “எங்க நனையுதோ அங்க வட்டம் போடு. வட்டத்துக்குள்ள மணி எழுது. நான் தொழுதுட்டு வரேன்.”

நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். வெறுப்பாக இருந்தது. பதினெட்டு வயதில் யார் பேப்பர் ஈரமாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கடைசியில் ஏழு வட்டம் இருந்தது. பாய் வந்து மணிகளைப் படித்தார், பெட்டியைக்கூடத் தொடவில்லை. “டிஃப்ராஸ்ட் ஓட்டை அடைச்சிருக்கு” என்றார். கம்பியை விட்டுப் பார்த்தோம். அதுதான்.

ஆகவே அந்த அடுக்குமாடியிலும் பேப்பர் கேட்டேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாயங்காலம் துடைத்துப் பரப்பினேன். அவர் சோபாவில் படுக்கச் சொன்னார். நான் தரையிலேயே உட்கார்ந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று: பேப்பர் காய்ந்தே கிடந்தது. பதினொன்று அடித்ததும் மேலே கேட்டுக்கொண்டிருந்த ஒரு முனகல் நின்றது. “அது பிரஷர் பம்பு அண்ணா. தூக்கம் கெடுதுன்னு எங்க மாடிக்காரங்க சண்டை போட்டாங்க. ராத்திரி பதினொண்ணுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் அசோசியேஷன்ல நிறுத்திடுவாங்க.”

எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. பம்பு இல்லையென்றால் மொட்டைமாடித் தொட்டியின் உயரம்தான் பிரஷர். ஒரு அடிக்கு 0.43 பிஎஸ்ஐ, பன்னிரண்டு அடி என்றால் ஐந்து பிஎஸ்ஐ. இந்த வால்வுகளுக்குக் குறைந்தது இருபது வேண்டும். சோலனாய்டு காயில் திறக்கத்தான் உதவும். மூடும்போது ரப்பரை அமுக்கிப் பிடிப்பது தண்ணீரின் அழுத்தம். அழுத்தம் இல்லையென்றால் புது வால்வும் வாயைச் சரியாக மூடாது.

பன்னிரண்டரைக்கு ஐஸ் மேக்கர் தண்ணீர் வாங்கியது. ‘ஸ்ஸ்’ என்று ஏழெட்டு விநாடி. சத்தம் நின்றதும் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். நிற்கவேண்டிய தண்ணீர் நிற்கவில்லை. மேல்குழாயின் நுனியில் ஒரு துளி பெருத்து, தொங்கி, விழுந்தது. பத்து எண்ணுவதற்குள் இன்னொன்று. அச்சு நிரம்பி வழிந்து கீழே ஐஸ் டப்பாவில் விழுந்து கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. (கரண்ட் போனதால் ஒட்டியது என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.) மிச்சம் கதவு காஸ்கெட் வழியே வெளியேறி, டைல்ஸ் சரிவில் பின்பக்கம் ஓடியது. முதல் வட்டத்தில் 1.40 என்று எழுதினேன். கடைசி வட்டம் 5.10.

வைத்தியம் இவ்வளவுதான்: படுக்கப்போகும் முன் ஐஸ் மேக்கரை நிறுத்திவிடுங்கள். ராத்திரியிலும் ஐஸ் வேண்டும் என்றால் அந்த லைனுக்கு மட்டும் சின்ன பூஸ்டர் பம்பு போட்டுக்கொள்ளுங்கள். அவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். அதனால்தான் எதையும் மாற்றவில்லை.

வால்வும் ட்யூபும் மாற்றிய மூன்று விசிட்டுக்கும் பில்லைப் பார்த்துக் கேள்வி கேட்காமல் பணம் கட்டியிருக்கிறார். கையில் பழைய சாமானைக் கொடுத்தால் மரியாதை. ஒரு ராத்திரி தூங்காமல் இருந்ததற்கு பில் இல்லை. கம்பெனிப் பையன்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எட்டு வீடு என்று போனில் வருகிறது. அவர்கள் எங்கே உட்காருவது? இருந்தாலும் ஐஸ் டப்பாவை ஒரு முறை இழுத்துப் பார்த்திருக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

என் தங்கை மகன் இப்போது என்னோடு வருகிறான். வீடியோ பார்த்து நிறையக் கற்றிருக்கிறான். போன வாரம் ஒரு வீட்டில் துடைத்துவிட்டு பேப்பர் பரப்பு என்றேன். “மாமா, இங்க யாரும் பேப்பர் வாங்கறதில்ல” என்று டிஷ்யூ சுருளை நீட்டினான். அது நனைந்ததும் கிழிகிறது, பென்சிலும் எழுதாது. இப்போது பழைய பேப்பரை நானே கட்டி, டூல் பையின் பக்க ஜிப்பில் வைத்துக்கொண்டு போகிறேன்.