சிறுவாட்டுக் காசும் ஆகாய மைலும்

கொழும்புப் பயணம் என்று பேச்செடுத்தாலே நம் வீடுகளில் இரண்டு பெயர்கள் அடிபடும். ஒன்று வெள்ளவத்தை, மற்றொன்று கொட்டாஞ்சேனை. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொழும்பு அந்நிய ஊரே இல்லை. வாப்பாவும் பாட்டனாரும் கடை வைத்துப் பிழைத்த ஊர். இன்று கல்யாணம், சொந்தம் பார்ப்பது, சாமான் வாங்குவது என்று பெண்களும் பிள்ளைகளோடு போய் வருகிறோம்.

போகுமுன் தங்க இடம் பிடிக்க வேண்டுமே! முன்பெல்லாம் தெரிந்தவருக்குக் கடிதம் போடுவோம். இப்போது செல்போனைத் திறந்தால் நூறு அறைகள் வரிசையில் வந்து நிற்கின்றன. சில அறைகளுக்குக் கீழே, "இதில் தங்கினால் இத்தனை விமான மைல்கள்" என்று ஒரு வரியும் இருக்கிறது. சகோதரிகளே, அந்த மைல் யார் தருவது, எதற்குத் தருவது, நமக்கு லாபமா நஷ்டமா என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

மைல் வந்த வழி

அடிக்கடி பறக்கும் பயணிகளைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ள, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் ஒரு திட்டம் தொடங்கியது. பறந்த தூரம் கணக்கில் ஏறும்; போதுமான மைல் சேர்ந்தால் ஒரு டிக்கெட் கிடைக்கும். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இலங்கைக்கும் இதில் பங்கு உண்டு. எமிரேட்ஸ் நிறுவனமும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் கூட்டாக இருந்த காலத்தில், 2000ஆம் ஆண்டில், 'ஸ்கைவார்ட்ஸ்' திட்டத்தைச் சேர்ந்தே தொடங்கின. அந்தக் கூட்டு முடிந்தபின் ஸ்ரீலங்கன் 'ஃப்ளைஸ்மைல்ஸ்' என்ற தன் சொந்தத் திட்டத்தை நடத்துகிறது. 2014இல் அது 'ஒன்வேர்ல்ட்' கூட்டணியிலும் சேர்ந்தது.

ஆனால் சென்னையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 400 மைல்தான். வருடத்துக்கு ஒருமுறை போய் வருகிற குடும்பத்துப் பெண் இப்படிச் சேர்த்து எப்போது ஒரு டிக்கெட் வாங்குவது? இந்த இடத்தில்தான் ஹோட்டல் நுழைகிறது. அகோடா தளம் 'பாயின்ட்ஸ்மேக்ஸ்' என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பல விமான நிறுவனங்களில் நமக்கு வேண்டியதைத் தேர்ந்து, உறுப்பினர் எண்ணைக் கொடுத்து அறை பிடித்தால், தங்கி முடித்தபின் மைல் ஏறும். இதே தொழிலைச் செய்த ராக்கெட்மைல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை 2015இல் பிரைஸ்லைன் குழுமம் வாங்கியது. அகோடாவும் அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான்.

இலவசம் யார் கைக்காசு?

அறை விற்றுக் கொடுப்பதற்காக ஹோட்டல்காரர் தளத்துக்குக் கமிஷன் கொடுக்கிறார். நூற்றுக்குப் பதினைந்து என்பது சாதாரணம், கூடுதலாகவும் போகும். அந்தக் கமிஷனில் ஒரு பங்கைக் கொண்டு தளம் விமான நிறுவனத்திடம் மைல்களை விலைக்கு வாங்கி நமக்குத் தருகிறது. ஆகவே மைல் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. நாம் கொடுக்கும் வாடகையில் இருந்துதான் வருகிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். மூன்று இரவுக்கு மைல் இல்லாத விலை 30,000 இலங்கை ரூபாய். மைல் தரும் விலை 33,000. கிடைப்பது 1,500 மைல். அதாவது, ஒரு மைலை இரண்டு ரூபாய்க்கு வாங்குகிறோம். இனி டிக்கெட்டைப் பாருங்கள். ரொக்கமாக 55,000 ரூபாய் ஆகும் டிக்கெட்டை 15,000 மைலும் வரி, கட்டணமாக 25,000 ரூபாயும் கொடுத்து எடுக்கலாம் என்றால், மிச்சம் 30,000. ஒரு மைலின் மதிப்பும் அதே இரண்டு ரூபாய். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை! அந்த ஹோட்டலுக்கே போன் செய்து 28,000க்கு அறை கிடைத்தால், மைல் பிடித்தவருக்கு நஷ்டம். விலை வித்தியாசம் கிடைக்கும் மைலின் மதிப்பைவிடக் குறைவாக இருந்தால்தான் அது உண்மையான லாபம்.

வெள்ளவத்தையில்

கொழும்பு 6 என்பது வெள்ளவத்தை. மேற்கே கடல், கடலோரம் ரயில் பாதை, அதற்கு இணையாகக் காலி வீதி. கோட்டையில் ரயிலேறினால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி வெள்ளவத்தை. பஸ் என்றால் 100, 101 எண்கள். தமிழில் பேசியே சேலைக்கடை, நகைக்கடை, காய்கறிக்கடை எல்லாம் முடித்துவிடலாம். மாடிக் குடியிருப்புகளில் வாடகை அறைகளும் நிறைய. சமையல்கட்டு உள்ள அறை கிடைத்தால் கைப்பிள்ளைக்காரிக்கு அதுவே பெரிய சௌகரியம்.

தளத்தில் "கொழும்பு" என்று தேடினால் கல்கிசையும் நீர்கொழும்பும்கூட எட்டிப் பார்க்கும். மைல் கூடுதல் என்று தூரத்தில் அறை எடுத்துவிட்டு, தினமும் கல்யாண வீட்டுக்கு ஆட்டோவுக்குக் கொட்டிக் கொடுத்தால் கணக்கு எங்கே உதைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கொட்டாஞ்சேனையில்

கொழும்பு 13 துறைமுகத்தை ஒட்டியது. பரிசுத்த லூசியா பேராலயத்தின் கோபுரமும், கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் இந்தப் பக்கத்துக்கு அடையாளங்கள். 1908, 1909இல் கட்டிய சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் பக்கத்திலுள்ள புறக்கோட்டையில்தான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு வெள்ளவத்தையைவிட இது கிட்டம். 2013இல் அதிவேகப் பாதை திறந்தபின் வழி இன்னும் சுருங்கிவிட்டது.

இந்த இரண்டு ஊர்களின் லொட்ஜுகளுக்கும் ஒரு பழைய கதை உண்டு. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வந்த தமிழர்கள் விசாவுக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும், வைத்தியத்துக்கும் இவற்றில்தான் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் இருந்த முந்நூற்றுக்கும் அதிகமானோரைப் போலீசார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் வவுனியாவில் இறக்கப்பட்டார்கள். மறுநாளே நாட்டின் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்புக் கேட்டார். ஒரு கட்டிலும் ஒரு சாவியும் மனுஷருக்கு எவ்வளவு பெரிய ஆதரவு என்பது அந்த மக்களைக் கேட்டால் தெரியும்.

இப்படிப்பட்ட சிறிய லொட்ஜுகள் பல இன்றும் போனிலேயே அறை கொடுக்கின்றன. மைல் கிடைக்காது. ஆனால் தளம் சொல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குடும்பங்கள் தங்குமிடமா? தனியாக வரும் பெண்ணுக்கு அறை உண்டா? நடு ராத்திரியில் விமானம் இறங்கினால் கதவைத் திறக்க ஆள் இருப்பாரா? கிப்லா எந்தப் பக்கம்? வயதான மாமியோடு போகிறவருக்கு இந்தப் பதில்கள் ஆயிரம் மைலைவிடப் பெறுமதி.

உங்கள் பெயரில் சேருங்கள்

மைல் சேர்ப்பது என்று முடிவு செய்தால் சிலவற்றை மறக்காதீர்கள்.

கணக்குத் தொடங்கப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள். அறை தேடுவதும் விலை ஒப்பிடுவதும் நீங்கள், மைல் முழுக்க வீட்டுக்காரர் கணக்கில் என்றால் எப்படி? பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதுங்கள். நம் பெண்களின் பெயரில் இனிஷியல் ஓரிடத்தில் எழுத்தாகவும் இன்னோரிடத்தில் வாப்பா பெயராகவும் இருந்து சிக்கலாவது சகஜம்.

மைல் தரும் அறையா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். எல்லா அறைக்கும் கிடைக்காது. தங்காமல் ரத்து செய்தால் மைல் வராது. தங்கி முடித்தபின் ஏற வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டினால் கெடுவுக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிடுங்கள். மைலுக்கு ஆசைப்பட்டு வட்டியில் மாட்டிக்கொள்வது நமக்கு இம்மையிலும் நஷ்டம், மறுமையிலும் நஷ்டம்.

மைலைப் பல வருடம் பூட்டியும் வைக்காதீர்கள். பல திட்டங்களில் அதற்குக் காலக்கெடு உண்டு. டிக்கெட்டுக்கு வேண்டிய மைலை நிறுவனம் கூட்டவும் செய்யும். 2012இல் கிங்ஃபிஷர் விமானங்கள் நின்றபோது, அதில் சேர்த்து வைத்தவர்களின் மைலும் வீணாயிற்று.

அஞ்சறைப் பெட்டியில் சிறுவாடு சேர்த்த பெண்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? எந்தக் காசு எங்கிருந்து வந்தது, எதற்கு ஆகும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது. உம்ராவுக்கோ, பேறுகாலத்து மகளைப் பார்க்கவோ ஒரு டிக்கெட் என்று நிய்யத் வைத்து, நாளும் குறித்துச் சேருங்கள். அடுத்த கொழும்புப் பயணத்துக்குத் தளத்தின் விலையை ஒரு தாளிலும், லொட்ஜுக்குப் போன் செய்து கேட்ட விலையை அதன் பக்கத்திலும் எழுதிப் பார்த்துவிட்டு அறை பிடியுங்கள். உங்கள் பயணம் நலமாக அமையட்டும், இன்ஷா அல்லாஹ்.