மூலையில் கிடப்பவர்கள்

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்துக்கு நான் போனது அரிக்கமேட்டுக்காக. ரோமானியரோடு வணிகம் நடந்த துறை, 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம் என்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. போகிற வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளிருந்து வந்த கூச்சல் என்னை நிறுத்திவிட்டது.

உள்ளே ஒரு ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால், கையில் களைக்கொத்தியோடு ஒரு ஆயா நின்றிருந்தார். நகர்வதாக இல்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஐப்பசி மழையில் மண்மேடுகள் கரைந்து, கோரை மண்டி, எது யாருடைய கல்லறை என்றே தெரியாமல் போய்விடும். சாமியார் வந்து மந்திரிப்பதற்குள் எல்லாவற்றையும் செதுக்கி, மண் அணைத்து, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். யாரும் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்த பையன்கள், மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்த பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். பின்மூலையில் வேலிக்காத்தான் அடர்ந்திருந்தது. அதைத் தள்ளத்தான் பையன்கள் காசு போட்டு ஜேசிபி கொண்டுவந்திருக்கிறார்கள்.

“முள்ளுக்கு அடியில ஆளுங்க இருக்காங்கடா” என்றார் ஆயா.

“பேரு இல்ல, சிலுவை இல்ல. யாருமே வர்றதில்ல ஆயா.”

“யாரும் வர்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா?”

முதலில் என் மனம் பையன்கள் பக்கம்தான் சாய்ந்தது. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. மேகம் வேறு கட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது முதல் அடி விழுந்தது இந்த அரியாங்குப்பத்துக் கோட்டையின் மேல்தான். அந்த முற்றுகையில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள், பெரும்பாலோர் நோயில். இரு பக்கமும் நின்ற நம் சிப்பாய்களின் பெயர்கள் வரலாற்றுப் புத்தகங்களில் வருவதில்லை. இந்த ஊரில் எந்த மண்ணுக்கு அடியில் யாரும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஜேசிபி திரும்பிப் போனது. பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அரிவாளை எடுத்தார்கள். முள்ளை வெட்டி இழுக்க நானும் சேர்ந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டு எல்லையை மிதிப்பதில்லை. எனக்கு முன்னால் பிறந்து சில நாளில் இறந்த அண்ணனை ஊருணிக் கரையில் புதைத்தார்களாம். அம்மா அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. காட்டச் சொல்லிக் கேட்டதும் இல்லை. இங்கோ பெண்கள் மாமியார் கல்லறையைத் துடைப்பத்தால் தேய்த்தபடி அவரைப் பற்றிய பழைய கோபங்களையெல்லாம் அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கல்லறைகளுக்கிடையே ஓடினார்கள். ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து, தூக்குவாளியில் வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டபோது, இத்தனை நாள் எதற்கு இந்த இடத்தைப் பார்த்துப் பயந்தேன் என்று அம்மாவுக்காகவும் சேர்த்துக் கோபம் வந்தது.

இந்தக் கல்லறைத் திருநாள், பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓதிலோன் சுமார் 998இல் தொடங்கிய வழக்கம். 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை விட்டுப் போனது. அந்த மடம் குறித்த தேதி மட்டும் கோரை செதுக்கும் கைகளில் இருக்கிறது.

மூலையில் தட்டுப்பட்ட மேடுகளுக்கு ஆயாவே மண் அணைத்தார். “உங்க சொந்தக்காரங்களா?” என்றேன்.

“இல்லம்மா. எங்க தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோனுக்குப் போனாரு, அங்கயே அடக்கம். அங்க போய்ச் சுண்ணாம்பு அடிக்க நம்மால ஆவுமா? அதான் இங்க இவங்களுக்கு அடிக்கிறேன்.”

சைகோன் என்றதும் நான் பார்க்க வந்த அரிக்கமேடு நினைவுக்கு வந்தது. அங்கே தோப்புக்குள் நிற்கும் செங்கல் சுவர்களை பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற பாதிரியார் 1770களில் நடத்திய குருமடத்தின் மிச்சம் என்பார்கள். இன்றைய வியட்நாம் பகுதியிலிருந்து தப்பி வந்தவர், தன் மாணவர்களின் துணையோடு இங்கே வியட்நாமிய–லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். பிறகு ஆயராகித் திரும்பிப் போய் 1799இல் வியட்நாமிலேயே இறந்தார். சைகோனில் இருந்த அவர் கல்லறையை 1983இல் இடித்துவிட்டார்கள். எச்சங்கள் பிரான்சுக்குப் போயின.

ஆயாவிடம் இதைச் சொன்னேன். களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “நம்ம ஊர்ல இருந்த சாமியாரா? இடிச்சிட்டாங்களா?”

எழுந்து, காலையில் சண்டை போட்ட பையனைக் கூப்பிட்டார். “டேய், மெழுகுவத்தி பத்தாது. இன்னொரு பாக்கெட் வாங்கியா. இவருக்கும் இங்கயே ஏத்திடலாம்.”

அவன் ஒன்றும் கேட்கவில்லை. யாருக்கு என்றுகூட. சட்டையைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.