30 நாள் அனுமதி

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றுபோன ஒரு சிறுசஞ்சிகையின் பக்கக் கோப்புகள் எங்களிடம் வந்து சேர்ந்தன. வடிவமைத்த அண்ணா, தான் காசு குடுத்து வாங்கின மென்பொருளின் இறுவட்டையும் சேர்த்துத் தந்தார். பெட்டியில் தொடர் இலக்கம் அப்பிடியே இருந்தது. எல்லா இதழ்களுக்கும் அச்சுப் பிரதி இல்லை. கோப்பு திறக்காட்டி சில இதழ்கள் போனதுதான்.

இப்போதைய கணினிகளில் அந்த மென்பொருள் ஓடாது. அதனால் வேர்ச்சுவல் பொக்ஸ் மூலம் மடிக்கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவினோம். மென்பொருள் ஏறியது. தொடர் இலக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. பிறகு இணையத்தில் பதிவு செய்யச் சொன்னது. அழுத்தினால், சேர்வரோடு இணைய முடியவில்லை எண்டு வந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பூட்டுக் குறி இல்லாத பழைய தளங்கள் திறந்தன, பூட்டுள்ளவை திறக்கேல்ல. எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குத் தெரிந்த பாதுகாப்பு முறை டிஎல்எஸ் 1.0 வரைக்கும்தான். 2021இல் அது உத்தியோகபூர்வமாகக் கைவிடப்பட்டது. இப்ப பெரும்பாலான சேர்வர்கள் 1.2க்குக் குறைஞ்சால் கதைக்காது. அடுத்தது திகதி. மெய்நிகர் கணினியின் கடிகாரம் 2005இல் நின்றால், இன்றைய சான்றிதழ்கள் இன்னும் தொடங்காதவை ஆகிவிடும். எங்கட கடிகாரம் சரியாகவே இருந்தது. பிறகு எக்ஸ்பியில் ஓடக்கூடிய கடைசி பயர்பொக்ஸான 52ஐப் போட்டோம். அதற்கு 1.2 தெரியும். பூட்டுள்ள தளங்கள் திறந்தன, பதிவுத் தளம் மட்டும் இல்லை. மெய்நிகர் கணினிக்கு வெளியே தேடியும் அந்தப் பெயருக்கு முகவரியே கிடைக்கவில்லை. இவ்வளவு நேரமும் படலையைத் தட்டினோம். உள்ளே வீடே இல்லை.

தொலைபேசியில் பதிகிற இலக்கமும் பாவனையில் இல்லை. அந்த நிறுவனத்தைப் பிறகு வாங்கிய நிறுவனத்துக்கு எழுதினோம். இந்தத் தயாரிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது எண்டு இரண்டு வரியில் பதில் வந்தது.

இப்படித்தான் முடியவேண்டும் என்றில்லை. அடோபி, தனது சிஎஸ்2 மென்பொருட்களுக்கான பதிவு சேர்வரை மூடியபோது, வாங்கியவர்களுக்காகப் பதிவு தேவைப்படாத பதிப்பை வெளியிட்டது. பூட்டிவிட்டுப் போகிறவை திறப்பைக் குடுத்திட்டுப் போகலாம்.

எங்களுக்கு மிஞ்சியது, பதியாமல் ஓடக்கூடிய 30 நாள். முதலில் மெய்நிகர் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்தோம். 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற எக்ஸ்பியை இணையத்தில் விட்டுவைக்கக் கூடாது. பாமினி எழுத்துருவை ஏற்றினோம். அது இல்லாட்டி 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் திரையில் தெரியும். ஒவ்வொரு இதழையும் பிடிஎஃப் ஆக்கினோம். எழுத்தைத் தனியே எடுத்து யுனிகோட்டுக்கு மாற்றினோம். பதினோராம் நாள் வேலை முடிந்தது.

அண்ணா காசு குடுத்தது மென்பொருளுக்கு எண்டுதான் அவர் நினைச்சிருப்பார். கிடைத்ததோ, எங்கேயோ ஒரு சேர்வர் ஓடும் வரைக்குமான அனுமதி. நாங்கள் இன்றைக்கு மாதச் சந்தா கட்டிச் செய்கிற வடிவமைப்புகளும் இதே நிலைமையில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு வேலை முடிந்ததும் பிடிஎஃப், யுனிகோட் எழுத்துக் கோப்பு, பாவித்த எழுத்துரு மூன்றையும் ஒன்றாக, இரண்டு இடத்தில் வையுங்கோ. வீட்டில் பழைய இறுவட்டுகள் கிடந்தால் இந்தக் கிழமையே போட்டுப் பாருங்கோ.