இன்னஸ் மண்

அபர்டீனில் ஜூன் கடைசியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ப்ரிமுலா விதைக்க அதுதான் பருவம். மண் 20 டிகிரிக்கு மேல் சூடானால் அந்த விதை முளைக்க அடம்பிடிக்கும். இந்த ஊர்க் கோடையில் அந்தப் பயம் குறைவு. உறைபனி இறங்குவதற்குள் நாற்று வேர்பிடித்துவிட்டால் அடுத்த வசந்தத்தில் பூத்துவிடும்.

கடையில் வாங்கிய விதைமண் மூட்டையில் 'ஜான் இன்னஸ்' என்று அச்சிட்டிருந்தது. இந்தப் பெயரைச் சிறுவயதில் கோயம்புத்தூரில் கேட்டிருக்கிறேன். கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் வேலைபார்த்த பெரியப்பா சொல்வார். ஆனால் மண் பற்றியல்ல, யாரோ ஒரு அம்மாளைப் பற்றிய கதையில்.

பக்கத்துத் தோட்டத்துக் கிழவரிடம் கேட்டேன். "இன்னஸ் எங்கள் வடக்குச் சீமைப் பெயர். மோரே பக்கத்துத் தோட்டக்காரர். பரம்பரை ரகசியக் கலவை அது" என்றார். ரகசியம் என்றதுதான் என்னை உறுத்தியது. யார் வேண்டுமானாலும் மூட்டை கட்டி விற்கும் மண்ணில் என்ன ரகசியம்?

மோரே பக்கத்துப் பழைய விதைவணிகர் பட்டியல்கள், பிரபுக்களின் தோட்டக் கணக்குகள், கல்லறைப் பதிவுகள் எல்லாம் புரட்டினேன். இன்னஸ்கள் ஏராளம், மண் கலந்த இன்னஸ் ஒருவருமில்லை. கடைசியில் ஆள் அகப்பட்டது தெற்கு லண்டன் மெர்ட்டனில். நிலம் வாங்கி வீடுகள் கட்டிய செல்வந்தர், 1904இல் இறந்தவர். கிழவரிடம் சொன்னேன். "குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்" என்றார் அசராமல். அதையும் தேடினேன். அவர் விட்டுப்போனது குறிப்பையல்ல, தோட்டக்கலை வளர்ச்சிக்கான சொத்தை.

அந்தப் பணத்தில் 1910இல் மெர்ட்டனில் ஆய்வு நிறுவனம் எழுந்தது. முதல் இயக்குநர் வில்லியம் பேட்சன், மரபியலாளர். அங்கே ஆராய்ச்சிக்கு வளர்த்த சீன ப்ரிமுலா நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1930களில் வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும் பழியை மண்மேல் போட்டு ஆராய்ந்தார்கள். அதுவரை செடிக்கொரு கலவை, தோட்டக்காரருக்கொரு பக்குவம். இவர்கள் வகுத்த விதைக்கலவை ஒன்றுதான்: ஆவியில் வேகவைத்து நோய்க்கிருமி நீக்கிய தோட்டமண் இரண்டு பங்கு, பீட் என்னும் சதுப்புநில மக்கு ஒன்று, பருமணல் ஒன்று. 36 லிட்டருக்குச் சுமார் 42 கிராம் சூப்பர் பாஸ்பேட், 21 கிராம் சுண்ணாம்புக்கல் தூள். பெரும்பாலான விதைகளுக்கு இது போதும் என்று காட்டினார்கள். அந்தத் தோட்டமண்ணும் சும்மா வெட்டியெடுத்ததல்ல. புல்லோடு பெயர்த்த கட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, மாதக்கணக்கில் மக்கவைத்தது.

தொழுவுரம் எங்கே என்று தேடினேன். இல்லை. நாற்றங்காலுக்குக் கூடை கூடையாக எரு கொட்டும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. யோசித்தால் நியாயம் புரிகிறது. முளைக்கும்வரை விதை தன் கையிருப்பைத்தான் உண்கிறது. அதற்கு வேண்டியது ஈரமும் காற்றும் நோயில்லாத இடமும். மரபியலாளருக்கோ இன்னொரு தேவை: மண் எங்கும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு செடிகளுக்குள்ள வேறுபாட்டை விதையின் கணக்கில் எழுதமுடியும்.

கலவையை 1939இல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார்கள். மறு ஆண்டு அந்த நிறுவனத்துக்கு வேலைக்கு வந்தவர், கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள்! பெரியப்பா கதையின் அம்மாள் இவர்தான். 1945வரை அங்கிருந்து, அந்நிறுவன மரபியலாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் தொகுப்பு நூலைக் கொண்டுவந்தார். மண்ணைத் தேடிப்போன எனக்கு எங்கள் ஊரில் வேலைபார்த்தவரின் தடம் கிடைத்ததில் அன்று தூக்கம் வரவில்லை.

எல்லாவற்றையும் கிழவரிடம் ஒப்பித்தேன். ரகசியக் கலவைகளுக்கு முடிவுகட்டிய மண்ணய்யா இது என்றேன். அடுப்புத் தட்டில் தன் தோட்டத்து மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "லாரன்ஸ், நியூவெல் இருவரில் யாருக்காவது மோரேயில் பாட்டி வீடு இருந்ததா, பார்த்தாயா?" என்று கேட்டார்.