யாரும் பேசாத வேதபாடம்

பேச்சில் நம்மவர்களை வெல்ல ஆள் கிடையாது. ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் ஊர் பேர் தெரிவதற்கு முன்பே மகளின் வரன் விஷயம் வரைக்கும் பேசிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களில் பத்துப் பேரை ஒரு கூடத்தில் உட்கார வைத்து, மடியில் ஆளுக்கொரு வேதாகமத்தைக் கொடுத்து, "இப்போது வாசித்த பகுதியைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மின்விசிறியின் சத்தம் மட்டுந்தான் கேட்கும்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையார் புதன்கிழமைதோறும் வீடு மாற்றி வீடு கூடுகிற வேதபாடத்தை நடத்தும் பொறுப்பு சில வருஷங்களாக என் தலையில் இருக்கிறது. கதை எழுதுகிறவன் பிறரைப் பேச வைப்பான் என்று குருவானவர் நினைத்திருக்க வேண்டும். கதையில் வருகிறவர்கள் நான் பேசச் சொன்னால் பேசுவார்கள். கூடத்தில் இருப்பவர்கள் அப்படியா? ஒருவர் தொண்டையைக் கனைப்பார். பேசப் போகிறார் என்று திரும்பினால் சளி. ஓர் அம்மாள் புத்தகத்துக்குள் இன்னும் ஆழமாகக் குனிவார். கடைசியில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஐயா எல்லாருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்லி முடிப்பார். ஆனால் இறுதி ஜெபம் முடிந்து, "ஆமென்" சொல்லி, முறுக்குத் தட்டு வரட்டும், வீடே இரைச்சலாகிவிடும்! ஆகவே இவர்கள் பேசத் தெரியாதவர்கள் அல்ல.

1715-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். சாதாரண ஜனங்கள் தாங்களே வாசித்து உணர வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடு. முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும், புத்தகம் நம் மடியில் இருக்க, அர்த்தம் மட்டும் இன்னொருவர் வாயில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். அங்கே வாத்தியார் கேள்வி கேட்டால் அதற்குச் சரியான பதில் அவர் சட்டைப்பையில் இருக்கும். தவறாகச் சொன்னால் பெஞ்சின் மேல் ஏற வேண்டும். அறுபது வயதிலும் அந்தப் பெஞ்சு நம்மை விடுவதில்லை. அதனால் பதில் என் பையில் இல்லாத கேள்விகளையே நான் கொண்டுபோவது வழக்கம்.

அதற்கும் மௌனந்தான் கிடைக்கும். ஆனால் எல்லா மௌனமும் ஒன்றல்ல என்பதை அந்த வேதபுத்தகமே சொல்லித் தருகிறது. மாற்கு சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் நன்மை செய்யலாமா என்று ஜெப ஆலயத்தில் இயேசு கேட்கிறார். சூம்பின கையோடு ஒருவன் முன்னே நிற்கிறான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது பிடிவாதத்தின் மௌனம். அவருக்குக் கோபமும் வருகிறது, துக்கமும் வருகிறது. 9-ஆம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் ஒரு வீட்டில், வழியில் என்ன தர்க்கம் பண்ணினீர்கள் என்று சீஷர்களைக் கேட்கிறார். தங்களில் யார் பெரியவன் என்றல்லவா சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்! எப்படிச் சொல்வார்கள்? அது வெட்கத்தின் மௌனம். அங்கே அவர் கோபிக்கவில்லை. உட்கார்ந்து, அவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார். மூன்றாவது, யோபுவின் சிநேகிதர்களுடையது. அவனுடைய துயரத்தைக் கண்டு ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது சரி. பிறகு வாயைத் திறந்து உபதேசம் செய்தார்கள், எல்லாம் கெட்டது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா உண்டு. எட்டு மாதமாகத் தவறாமல் வந்து, சுவரோரம் பாயில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போவார். கூச்சம் என்றார்கள் சிலர். படிப்புக் குறைவு என்றார்கள் சிலர். ஒரு புதன்கிழமை யோவான் 5-ஆம் அதிகாரம் வாசித்தோம். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனைப் பார்த்து, சொஸ்தமாக விரும்புகிறாயா என்று இயேசு கேட்கிற இடம். "இதையும் ஒருவனிடம் கேட்பார்களா? ஏன் கேட்டார்?" என்றேன்.

மௌனம். ஹெட்மாஸ்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அவர் பேசப் போகிறார் என்பதற்கு அது அடையாளம். அதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"முப்பத்தெட்டு வருஷமாப் படுத்துக் கெடக்கிறவனுக்கு, எந்திரிச்சா எங்க போறதுன்னு பயமா இருக்காதா தம்பி?"

ஒருவரும் அசையவில்லை. பெரியம்மாவே தொடர்ந்தார். அவருடைய கணவர் பக்கவாதத்தில் ஆறு வருஷம் கிடந்தாராம். "ஒரு நாள் ராத்திரி என்னால முடியல. ஆண்டவரே, இவங்கள எடுத்துக்கிடும்னு ஜெபம் பண்ணிட்டேன். மறு வாரம் எடுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் எதையும் கேட்டு ஜெபம் பண்ணவே பயமா இருக்கு."

அவர் பாவம் செய்யவில்லை என்று நிரூபிக்க அந்தக் கூடத்தில் எத்தனையோ வசனம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஹெட்மாஸ்டர் ஐயாவுக்கு அதிகாரமும் வசனமும் விரல் நுனியில். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பெரியம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, தம் நாற்காலிக்குப் போகாமல் பாயிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மீதிக் கேள்விகளை நான் கேட்கவில்லை. இறுதி ஜெபம் செய்யும்படி யாரையும் பெயர் சொல்லி அழைக்கவுமில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தோம். சற்று முன் இருந்த மௌனமும் இதுவும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். ஆனால் சற்று முன்னே பத்துப் பேர் தனித்தனியே பேசாமல் இருந்தோம். இப்போது பத்துப் பேரும் பெரியம்மாவோடு சேர்ந்து பேசாமல் இருந்தோம்.

கூட்டம் நடத்துகிறவர்கள் மௌனத்தைக் கண்டால் பயந்துபோய், கையில் கிடைத்ததைப் போட்டு அதை நிரப்பப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். உள்ளே ஏதோ ஒன்று எட்டு மாதமாகக் கதவருகே வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருக்கலாம். நாம் பேசிக்கொண்டே இருந்தால் அது எப்படி வெளியே வரும்?