டிராகனும் முத்தும்

சிலாவத்துறையின் பெயரிலேயே முத்து உறைகின்றது. சிலாபம் என்னுஞ் சொல் முத்துக்குளிப்பைக் குறிப்பதாகும். மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த ஆண்டுகளில், இச்சிற்றூரின் மணற்பரப்பிலே ஒரு நகரமே எழுந்து, சில வாரங்களில் மறைந்தது. குளியாள் கல்லிற் காலூன்றி ஆழத்துக்கு இறங்குவான். அவனது உயிர் தோணியிற் கயிறு பிடித்து நிற்பவனின் கையில் இருக்கும். அவன் கொணர்ந்த முத்தின் பயனை நுகர்ந்தவர் யாவர்? அயலூராகிய அரிப்பிலே, 1801க்கும் 1804க்கும் இடையில் ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் இதற்கு விடை கூறும்.

இக்கடலின் முத்துப் புகழ் சீனத்தையும் எட்டியிருந்தது. 15ஆம் நூற்றாண்டிற் செங் ஹே என்னுங் கடற்றளபதியின் கப்பல்களிற் பயணஞ் செய்த மா ஹுவான், இலங்கைக் கடலின் முத்துச்சிப்பிகளைப் பற்றித் தம் நூலிற் குறித்துள்ளார். சீனரின் கலையிலும் முத்துக்குத் தனியிடம் உண்டு. அரசவை நாற்காலியிலும் பேழையிலும் செதுக்கப்பெற்ற டிராகன்கள் மேகங்களிடையே நெளிந்து துரத்துவது, தீச்சுடர் சூழ்ந்த ஒரு முத்தையேயாகும். தமிழகக் கோயிற்றூண்களில் யாளியின் வாயில் உருளுங் கல்லுருண்டையை அது நினைவூட்டும். எனினும், யாளி கோயிலுக்குரியது. ஐந்து நகங்கொண்ட டிராகனோ பேரரசருக்குரியது. ஆகவே, அவ்வுருவைத் தாங்கிய ஆசனம் அதிகாரத்தின் அடையாளமாகவும் விளங்கிற்று.

சிங் மரபினர் இத்தகைய பொருள்களுக்குப் பெரிதும் விரும்பிய மரமொன்று, ஊதாச் சந்தனம் எனப் பொருள்படும் பெயரால் வழங்கியது. அறிஞர் பலர் அதனைச் செம்மரம் எனக் கொள்வர். இம்மரம் இயற்கையாக வளர்வது ஆந்திராவின் தென்பகுதியிலும் அதனையடுத்த தமிழ்நாட்டு மலைகளிலுமே. அது மிக மெல்ல வளர்வது. முதிர்ந்த அதன் வைரம் நீரில் அமிழும். வைரம் நெருக்கமானதாதலின் உளி எளிதிற் புகாது. புகுந்தபின் டிராகனின் செதிலும் மீசையுஞ் சிதையாது நிற்கும். தச்சன் உருவைச் சூழ்ந்த மரத்தை அகழ்ந்து தளத்தைத் தாழ்த்துவான், உரு மேலெழும். ஆணியை நம்பாது, கழுந்தைத் துளையிற் பொருத்துவான். நடுப்பலகையைச் சட்டத்தின் தவாளிப்பில் இறுகப் பிணிக்காது, சற்றே இடம்விட்டு அமைப்பான். வறட்சியிற் சுருங்கவும் ஈரத்தில் விரியவும் மரத்துக்கு விடப்பட்ட அவ்விடைவெளியே, அப்பொருளைப் பிளவுறாது நெடுங்காலங் காத்தது. அரசனின் ஆணைக்கு அடங்கிய தச்சன், மரத்தின் இயல்புக்கும் இணங்கியே தொழில் செய்தான் எனலாம்.

இத்துணைத் திறன் படைத்தவனின் பெயர் யாது? அரும்பொருட்சாலைகளில் இப்பொருள்களின் அருகே 1735 முதல் 1796 வரை ஆண்ட சியென்லுங் பேரரசரின் பெயர் காணப்படும். செதுக்கியவனின் பெயர் பெரும்பாலுங் காணப்படாது. முத்தெடுத்தவனின் நிலையும் அதுவே. மரம் வெட்டுவோரின் நிலை இன்னுங் கொடிது. செம்மரத்தின்மீது செல்வர் கொண்ட ஆசை இன்றும் அடங்கவில்லை. 1995இல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட பின்னரும் களவாக வெட்டுதல் தொடர்கின்றது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரப் பொலிசார் சுட்டதில் 20 பேர் மாண்டனர். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். கூலிக்கு மரம் வெட்டும் ஏழைகள். மரத்தின் விலை எவர் கையையோ சேர்கின்றது. கடத்தல்காரர் என்ற பழி இவர்களைச் சேர்ந்தது.

அச்செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடைய மும்மொழிக் கல்வெட்டொன்று, 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்புத் தேசிய அரும்பொருட்சாலையில் உள்ளது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லின் உச்சியில் இரு டிராகன்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. அவற்றின் கீழே சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும், பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகள் எண்ணிக் குறிக்கப்பட்டுள்ளன. அளித்த அரசனையும் பெற்ற தெய்வங்களையும் கல் கூறுகின்றது. அந்த டிராகன்களைச் செதுக்கியவனைப் பற்றி மூன்று மொழிகளும் மௌனஞ் சாதிக்கின்றன.

கலைவரலாற்றாசிரியர் டிராகனின் நகங்களை எண்ணிக் காலத்தையும் மரபையும் வகுப்பர். முத்துக்காக மூச்சடக்கியவரையும், மரத்துக்காக உயிரிழந்தவரையும், அவ்விரண்டையும் கலையாக்கியவரையும் எண்ணாத வரலாறு நிறைவுபெற்ற வரலாறாகாது.